பிரயாண மேடை: மோட்டாரில் சிங்கப்பூர்

கோயமுத்தூரிலிருந்து ஒரு நேயர் கடிதம் எழுதியிருக்கிறார். கப்பலும் வேண்டாமாம், ஆகாய விமானமும் வேண்டாமாம். சொந்த மோட்டார் வண்டியிலேயே குடும்பத்தோடு சிங்கப்பூர் போய்ச் சேரவேண்டுமாம். வழி கேட்கிறார். கடிதத்தோடு ஒரு தேசப்படமும் வந்திருக்கிறது. சென்னை, கல்கத்தா, கௌஹாத்தி, இம்பால், மாந்தலே, பாங்காக், சிங்கப்பூர் என்று சிவப்பு மசியால் ஒரே கோடாக இழுத்திருக்கிறார். நடுவில் ஓரிடத்திலும் பேனாவைத் தூக்கவில்லை. பார்ப்பதற்கு வெகு அழகாயிருக்கிறது.

கோடு பொய்யுமல்ல. சென்னையிலிருந்து இம்பாலுக்கு 3,000 கிலோமீட்டருக்கு மேல். இம்பாலிலிருந்து எல்லையூரான மோரேக்குச் சுமார் 110. மோரேயிலிருந்து பர்மாவைக் குறுக்கே கடந்து தாய்லாந்து எல்லையிலுள்ள மே ஸாட் வரையில் சுமார் 1,360. அப்பால் பாங்காக் வழியாக மலேசியாவின் நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால், ஜோகூர்ப் பாலம் வரையில் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். பர்மாவுக்குள் தாமுவிலிருந்து கலேமியோ வழியாகப் போகும் 160 கிலோமீட்டர் சாலையை நம்முடைய எல்லைப்புறச் சாலை இலாகாவினரே போட்டு, 2001-ல் திறந்து வைத்தார்கள். மழை ஓய்ந்து, நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் புறப்பட்டால் நல்ல வண்டி தாராளமாய்ப் போகும். போகும் என்றுதான் சொல்கிறேன்; விடுவார்கள் என்று சொல்லவில்லை.

ஆகையால் நேயர் முதலில் தேசப்படத்தை மடித்து வைத்துவிட்டுக் காகிதங்களைக் கவனிக்கவேண்டும். அவற்றுள் தலையானது "கார்னே" என்னும் சுங்கப் புஸ்தகம். மனிதனுக்குப் பாஸ்போர்ட் எப்படியோ, வண்டிக்குக் கார்னே அப்படி. அந்நிய தேசத்துக்குள் வண்டியைக் கொண்டுபோனால் அதை அங்கே விற்றுவிடுவோமோ என்று அந்நாட்டுச் சுங்க இலாகாவுக்குச் சந்தேகம். "விற்கமாட்டார், விற்றால் வரியை நாங்கள் கட்டுகிறோம்" என்று நம் ஊர் மோட்டார் சங்கம் ஜாமீன் நிற்கிறது. 1954-ல் நியூயார்க்கில் பல தேசங்கள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் நடக்கும் ஏற்பாடு இது. புஸ்தகத்தின் ஒவ்வோர் ஏடும் மூன்று துண்டு. நுழையும்போது கீழ்த்துண்டைக் கிழித்துக்கொள்வார்கள். வெளியேறும்போது நடுத்துண்டைக் கிழித்துக்கொள்வார்கள். மேல்துண்டு இரண்டு முத்திரைகளுடன் நம்மிடமே தங்கும். வெளியேறும் முத்திரையை வாங்க மறந்தால், வண்டி அந்நாட்டிலேயே நின்றுவிட்டதாகக் கணக்கு. வீட்டு வாசலில் வண்டி நிற்கும்போதே அதற்கு அந்நிய தேசத்தில் வரி கேட்டு ஓலை வரும்!

மோட்டார் சங்கம் சும்மா ஜாமீன் நிற்பதில்லை. நம்மிடம் பாங்கி உத்தரவாதம் வாங்கிக்கொள்ளும். அத்தொகை வண்டியின் விலையையும், போகும் தேசங்களையும் பொறுத்தது. சில தேசங்களுக்கு வண்டி விலையைப்போல் பல மடங்கு கேட்பதுண்டு. நேயர் பெட்ரோலுக்கும் ஹோட்டலுக்கும் கணக்குப் போட்டிருக்கிறார், இதைப் போடவில்லை. திரும்பி வரும் பணம்தான் என்றாலும், வரும் வரையில் அது கட்டுண்டு கிடக்கும்.

அடுத்தது ஸர்வதேச லைசென்ஸ். நம் ஊர்ப் போக்குவரத்துக் காரியாலயத்திலேயே கொடுப்பார்கள், ஒரு வருஷம் செல்லும். பிறகு நாகாலாந்துக்கும் மணிப்பூருக்கும் உள்வரி அநுமதி. 2019 டிசம்பர் முதல் மணிப்பூருக்கும் இது வேண்டும். அந்நிய மண்ணில் காலெடுத்து வைப்பதற்கு முன், சொந்த தேசத்திலேயே இரண்டு அநுமதி! மலைவாசிகளின் நிலத்தைக் காப்பதற்கு அது அவசியம் என்கிறார்கள், இருக்கலாம். இருந்தாலும் அந்தச் சீட்டை நீட்டும்போது மனத்தில் ஏதோ உறுத்தத்தான் செய்யும்.

தாய்லாந்து 2016 முதல் முன்கூட்டியே அநுமதி கேட்கிறது. மலேசியா, சிங்கப்பூர் வண்டிகளுக்கு அதில் விலக்கு உண்டு. நம் வண்டிக்கு இல்லை. பர்மாவில் 1970 முதல் சாலையின் வலப்புறமாகப் போகவேண்டும். நம் வண்டியின் ஓட்டுஞ் சக்கரமும் வலப்புறத்தில் இருப்பதால், முன்னால் போகும் லாரியைத் தாண்டவேண்டுமானால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்து, "போகலாம்" என்று சொல்லவேண்டும். தம்பதிகளாகப் போகிறவர்கள் இதை யோசித்துக்கொள்வது நலம்.

1955 செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லாண்ட் ரோவர் வண்டிகளில் லண்டனை விட்டுப் புறப்பட்டு, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் சேர்ந்தார்கள். பர்மாவைத் தாண்ட முடியாது என்று அவர்களுக்குப் பலர் சொன்னார்கள். யுத்தகாலத்தில் அமெரிக்கர் வெட்டிய லேடோ சாலை காடுமண்டிக் கிடந்தது. அதன் வழியே தாண்டிப் போய்விட்டார்கள். டிம் ஸ்லெஸ்ஸர் அதைப் புஸ்தகமாகவும் எழுதினார். வாலிபர்களின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பாதை நமக்குப் புதிதல்ல என்பதை நாம் மறந்துவிட்டோம். 1942-ல் ஜப்பானியர் பர்மாவில் புகுந்தபோது லட்சக்கணக்கான இந்தியர், அவர்களில் ஆயிரக்கணக்கான தமிழர், மூட்டை முடிச்சுடன் கால்நடையாக இந்தியாவை நோக்கி வந்தார்கள். தாமு வழியாகவும் வந்தார்கள். வழியில் மடிந்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை.

இரண்டே வருஷத்தில் அதே தாமு வழியாக வேறொரு கூட்டம் வந்தது. 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி தலைமை ஏற்ற இந்திய தேசிய ராணுவம் அது. மலேயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ் இளைஞர்கள் அதில் அநேகர். 1944 ஏப்ரல் 14-ந் தேதி இம்பாலுக்குத் தெற்கே மொய்ராங்கில் மூவர்ணக்கொடி ஏறிற்று. நம் நேயர் சிவப்பு மசியால் இழுத்த கோட்டின் கீழ்ப்பாதி அவர்கள் வந்த வழிதான். அவர்களிடம் கார்னே இல்லை.

மோரேயில் இன்றும் தமிழர் உண்டு; தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேசுவரி ஆலயமும் உண்டு. 1962-ல் நே வின் ஆட்சிக்கு வந்தபின் கடைகளும் தொழில்களும் சர்க்கார் வசமாயின. பர்மாத் தமிழர் வெறுங்கையுடன் கப்பலேறிச் சென்னை வந்தார்கள். இங்கே பிழைக்க வழி காணாத சிலர், பிறந்த ஊருக்கே போய்விடுவோம் என்று தரை மார்க்கமாகத் திரும்பிப் புறப்பட்டார்கள். பர்மாப் பட்டாளம் எல்லையில் தடுத்துவிட்டது. முன்னே போகவும் முடியவில்லை. பின்னே வரவும் மனமில்லை. தடுத்த இடத்திலேயே குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். வண்டிக்கு ஜாமீன் நிற்க ஒரு சங்கம் இருக்கிறது. அவர்களுக்கு ஜாமீன் நிற்க யார் இருந்தார்கள்?

அந்த வாசல் நடுவில் சில வருஷம் நன்றாய்த் திறந்திருந்தது. உள்ளூர் ஏஜெண்டையும் வழிகாட்டியையும் அமர்த்திக்கொண்டு நம் தேசத்து வண்டிகள் பல சிங்கப்பூர் போய் வந்தன. 2018 ஆகஸ்டில் மோரே வழியாகப் பாஸ்போர்ட்டுடன் போய்வர முறைப்படி ஏற்பாடாயிற்று. 2020-ல் நோய் வந்தது. 2021 பிப்ரவரியில் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பறித்துக்கொண்டது. உள்நாட்டுச் சண்டை மூண்டது. தாய்லாந்துக்குப் போகும் பாலம் இருக்கும் மியாவாடி ஊரே 2024 ஏப்ரலில் போர்க்களமாயிற்று. இப்புறம் 2023 மே மாதக் கலகத்தில் மோரேயின் வீடுகளே பற்றி எரிந்தன. திபெத்து வழியாகச் சீனாவில் புகுந்து லாவோஸில் இறங்கலாம் என்பாருண்டு. சீனாவில் நம் ஸர்வதேச லைசென்ஸ் செல்லாது; அந்நாட்டுத் தற்காலிக லைசென்ஸும் நம்பர்ப் பலகையும் வாங்கி, வழி நெடுக வழிகாட்டியையும் உடன் வைத்துக்கொள்ளவேண்டும். குழந்தைகளுடன் போகும் குடும்பத்துக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

நேயருக்கு என் யோசனை இதுதான். வண்டியைச் சென்னைத் துறைமுகத்தில் பெட்டியில் அடைத்து மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டு, தாம் விமானத்தில் போய் அங்கே அதை எடுத்துக்கொள்ளட்டும். தெற்கே சிங்கப்பூரைப் பார்த்துவிட்டு வடக்கே திரும்பி, தாய்லாந்தில் காஞ்சனபுரி வரையில் போகட்டும். சயாம் மரண ரயில் பாதையில் மாண்ட தமிழ்க் கூலிகளின் ஞாபகத்துக்காகவாவது அங்கே ஒரு நாள் தங்கவேண்டும். கப்பல் வேண்டாம் என்ற அவருடைய விரதம் இதில் முறிகிறது, வேறு வழியில்லை. மோரேக்கும் மே ஸாட்டுக்கும் நடுவிலுள்ள சிவப்புக் கோட்டின்மேல் பென்ஸிலால் புள்ளி வைத்துத் தேசப்படத்தைத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கார்னேயின் ஆயுள் ஒரு வருஷந்தான். கப்பல் தேதி நிச்சயமாவதற்கு முன் அதை வாங்கிவிட வேண்டாம் என்று ஓரத்தில் குறித்திருக்கிறேன்.