பள்ளிக்கு எந்தப் படக்கருவி? இரு கூற்றுகளுக்கு ஒரு மறுப்பு



பள்ளிக்கென ஒரு நல்ல படக்கருவி வாங்கலாம் என்ற பேச்சு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்தால், உடனே இரண்டு குரல்கள் கேட்கும். “எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது, கேமரா எதற்கு?” என்பது முதற்குரல். “வாங்கினால் ஆகப் புதியதை, ஆக உயர்ந்ததை வாங்க வேண்டும், இல்லையேல் வேண்டா” என்பது இரண்டாங்குரல். இவை எதிரெதிர் போலத் தோன்றினும் விளைவு ஒன்றுதான்: கருவி பள்ளிக்கு வருவதே இல்லை. இவ்விரு கூற்றுகளும் பிழை என்பதும், ஆர்வலர்களுக்கென உருவாக்கப்பட்ட நடுத்தர டிஎஸ்எல்ஆர் கருவியே தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றது என்பதும் என் வாதம். அக்கருவியின் குறைகளையும் மறைக்காமல் எழுதுகிறேன். குறை தெரியாமல் வாங்கிய பொருள் ஆறே மாதத்தில் இரும்பு அலமாரிக்குள் போய்விடும்.

எடுத்துக்காட்டாக நிக்கோன் டி90 கருவியைக் கொள்வோம். 2008 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட இது, காணொளி எடுக்க வல்ல முதல் டிஎஸ்எல்ஆர் என்ற பெயரைப் பெற்றது. இதன் வழித்தோன்றல்கள் டி7000 (2010), டி7100 (2013), டி7200 (2015), டி7500 (2017). கேனன் நிறுவனத்தில் இதே தரத்தில் 60டி (2010), 70டி (2013), 80டி (2016), 90டி (2019) ஆகியவை வந்தன. இன்று நிறுவனங்களின் கவனம் கண்ணாடியில்லாக் கருவிகளின் பக்கம் திரும்பிவிட்டது. ஆகவே மேற்சொன்னவற்றுள் பல, பயன்படுத்திய நிலையில் கடைகளில் கிடைக்கின்றன. நமக்கு அது நல்வாய்ப்பு.

முதற்குரலுக்கு என் மறுமொழி இது. வெட்டவெளியில், பகல் வெளிச்சத்தில், அருகில் நிற்கும் மாணவரைப் படமெடுக்கக் கைப்பேசி போதும். அதை மறுப்பவன் அல்லன் நான். ஆனால் பள்ளி நிகழ்வுகள் அப்படியா நடக்கின்றன? மண்டபத்தில் மங்கிய குழல்விளக்கு. மேடையில் ஆடும் பிள்ளைகள். படமெடுப்பவரோ நான்காம் வரிசைக்குப் பின்னால். மங்கிய ஒளியில் கைப்பேசி பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்துக் காட்டுகிறது. அசையாமல் நிற்பவருக்கு அது பொருந்தும்; பரதம் ஆடும் சிறுமியின் கைகளோ கரைந்து போகின்றன. டி90 கருவியின் உணரி 23.6 மி.மீ. அகலமும் 15.8 மி.மீ. உயரமும் கொண்டது, கைப்பேசி உணரியைக் காட்டிலும் பன்மடங்கு பெரியது. பொத்தானை அழுத்திய நொடியே படம் பதிகிறது. பிள்ளை தாண்டிக் குதித்த பிறகு வெற்று மணலைப் படமெடுக்கும் அவலம் இல்லை.

அச்சுக்கு வருவோம். டி90 தரும் படம் 4288 புள்ளி அகலமும் 2848 புள்ளி உயரமும் உடையது. அங்குலத்திற்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கில் அது 14 அங்குலத்தைத் தாண்டும். ஏ4 தாளை நிரப்பி எஞ்சும். வாட்ஸ்அப் குழுவில் வழக்கமான தரத்தில் அனுப்பிய படமோ நீளப்பக்கம் ஏறத்தாழ 1600 புள்ளிகளாகச் சுருங்குகிறது. அதே கணக்கில் ஐந்தரை அங்குலம்கூட வாராது. பள்ளி ஆண்டு மலரில் முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரிவதற்கு அச்சகத்தாரை நோவது ஏன்? நாம் கொடுத்தது அதுதான்.

இதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. அதுவே என்னை எழுத வைத்தது. பல கைப்பேசிகளில் முகத்தை வழுவழுப்பாக்கி வெளுப்பாக்கும் ‘அழகூட்டும்’ வசதி உள்ளது. சிலவற்றில் பயனர் கேளாமலே அது இயங்குகிறது. நம் பிள்ளைகளின் கருமை பிழையா, திருத்துவதற்கு? வண்ணப்படச் சுருளின் காலத்திலேயே இவ்வநீதி தொடங்கியது. ‘ஷெர்லி அட்டை’ என்னும் வெள்ளைப் பெண்ணின் படத்தை அளவுகோலாக வைத்தே ஆய்வுக்கூடங்கள் நெடுங்காலம் நிறத்தைச் சீர்செய்தன. அன்று அயலார் செய்ததை இன்று நாமே விரும்பிச் செய்துகொள்வதா? பரிசு வாங்கிய மாணவி தன் படத்தில் தன் நிறத்தைக் காணாவிட்டால், அவள் கற்கும் பாடம் என்ன? நல்ல படக்கருவி, கையாள்பவர் சொன்னதைத்தான் செய்யும். தானாக யாரையும் வெளுக்காது.

இனி இரண்டாங்குரல். ஆக உயர்ந்த முழுச்சட்டக் கருவியை வாங்கினால், அதற்கேற்ற வில்லைகளின் விலையும் எடையும் சேர்ந்தே வரும். நமக்கு வேண்டியது உடலின் பெருமையன்று, வில்லை உள்ளே விடும் ஒளி. டி90 கருவியுடன் விற்கப்பட்ட 18-105 மி.மீ. வில்லையை முழுவதும் நீட்டினால் அதன் திறப்பு எஃப் 5.6. பழைய 50 மி.மீ. எஃப் 1.8 வில்லையோ அதனைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும், விலையும் குறைவு. மேடைக்கு அதுவே போதும்.

இங்கேதான் ‘நடுத்தரம்’ என்பதன் பொருள் விளங்குகிறது. இதைவிட மலிவான டி3000, டி5000 போன்றவற்றின் உடலுக்குள் குவிய இயக்கி இல்லை. அப்பழைய வில்லை அவற்றில் தானாகக் குவியாது. டி90 கருவியில் இயக்கி உண்டு. இரண்டு கட்டுப்பாட்டுச் சக்கரங்களும் தெளிவான பென்டாபிரிசம் காட்சித்துளையும் உண்டு. புதியதெல்லாம் சிறந்ததுமன்று. டி7200 கருவியில் நினைவட்டைக்கு இரண்டு துளைகள்; அடுத்து வந்த டி7500 கருவியில் ஒன்றுதான். மறுபடி நடத்தவியலாத பரிசளிப்பு விழாவில் இரண்டாவது துளையின் அருமை புரியும்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் நான் விற்பனையாளன் ஆவேன்.

முதலாவது, ஒளியளவு. டி90 கருவியின் ஒளியளவி, குவியப் புள்ளி எதன்மேல் இருக்கிறதோ அதற்கு மிகுந்த மதிப்பளிக்கும். கரிய முகத்தின்மேல் குவியத்தை வைத்தால் ஒளியைக் கூட்டும். வெள்ளைப் பள்ளிச்சட்டை வெளிறிப்போகும். முக்கால் பங்கு ஒளியைக் குறைத்து வைக்கும் பழக்கம் அன்று இதற்குத் தீர்வு, முகம் இருண்டுவிடும். படத்தை உடனே திரையில் பார்த்து, ஒளியீட்டுத் திருத்தத்தைச் சிறிது சிறிதாக, பெரும்பாலும் அரைப்படிக்கு உட்பட்டுக் குறைத்து, முகமும் சட்டையும் ஒருங்கே தெரியுமிடத்தில் நிறுத்த வேண்டும். இதைக் கற்றே ஆகவேண்டும்.

இரண்டாவது, காணொளி. முதன்மை பெற்ற வசதியே மிகப் பெரிய ஏமாற்றம். 720 வரி உயர்தரத்தில் ஒரு பதிவு ஐந்து நிமிடத்தோடு நின்றுவிடும். எடுக்கும்போது குவியம் தானாகத் தொடராது. ஒலி ஒற்றைத் தடம். இருபது நிமிட நாடகத்தை இதில் பதிவுசெய்ய எண்ணவே வேண்டா. அதற்குக் கைப்பேசியே மேல்.

மூன்றாவது, குவியப் புள்ளிகள் பதினொன்றில் நடுப்புள்ளி மட்டுமே குறுக்குவகை. இருட்டில் ஏனையவை தடுமாறும். நான்காவது, எடை. மின்கலமும் வில்லையும் இன்றியே 620 கிராம். ஐந்தாவது, மழைத்தூறலுக்கு அடைப்பு இல்லை. நம் விளையாட்டுப் போட்டிகள் எப்படிப்பட்ட வானத்தின்கீழ் நடக்கின்றன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆறாவது குறை கருவியினுடையதன்று, நம்முடையது. ‘பாதுகாப்பு’ என்று சொல்லிக் கருவியைத் தோற்பைக்குள் வைத்து அலமாரியில் பூட்டுகிறோம். இந்நாட்டின் ஈரக்காற்றில், காற்றோட்டமற்ற இருட்டறைக்குள், வில்லைக் கண்ணாடியில் பூஞ்சை படரும். பூட்டி வைப்பது காப்பதன்று, கொல்வது. மூடி இறுகும் நெகிழிப்பெட்டியும் சிலிக்கா மணிகளும் போதும். மணிகள் நிறம் மாறினால் உலர்த்திப் போட வேண்டும். எல்லாவற்றினும் சிறந்த மருந்து, வாரந்தோறும் எடுத்துப் பயன்படுத்துவதே.

காப்பார் வட்டாரத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். இரப்பர் செம்பனையாயிற்று, செம்பனை, வீடமைப்பும் தொழிற்சாலையுமாயிற்று. வல்லம்புரோசா போன்ற தோட்டப் பெயர்களை இன்றைய பிள்ளைகள் பெயரளவில் மட்டுமே அறிவார்கள். தோட்டம் போனது, வரிசை வீடுகள் போயின, கோயில்கள் இடம் மாறின. எஞ்சியிருக்கும் பொது நினைவிடம் தமிழ்ப்பள்ளி ஒன்றே. 2016இல் இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் 200ஆம் ஆண்டைப் பெருமையோடு கொண்டாடினோம். இன்னும் ஐம்பதாண்டு கழித்து நம் பள்ளியைப் பற்றி எழுத வருபவருக்கு நாம் எதை விட்டுச் செல்கிறோம்? ஓராசிரியரின் பழைய கைப்பேசியோடு தொலைந்த படங்களையா?

ஆகவே பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு நான் முன்வைப்பன:

1. பயன்படுத்திய நடுத்தரக் கருவி ஒன்றும் 50 மி.மீ. வில்லை ஒன்றும் வாங்குங்கள். வாங்குமுன் வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சை உண்டா என்று பாருங்கள். ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்று கேளுங்கள். டி90 ஷட்டர் ஓரிலக்கம் முறைக்குச் சோதிக்கப்பட்டது.

2. பொறுப்பாசிரியர் ஒருவரோடு ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர் சிலருக்கும் பயிற்சி கொடுங்கள். ஆசிரியர் மாற்றலாகிப் போனாலும் கலை பள்ளியில் தங்கும்.

3. படங்களை இரண்டு வன்வட்டுகளில் சேமியுங்கள். ஒன்று பள்ளியில், மற்றது வேறிடத்தில். ஆண்டு, நிகழ்வு, நிற்பவர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். பெயரில்லாப் படம் அரைப்படம்.

4. எந்தப் பிள்ளையின் நிறத்தையும் மாற்றாதீர்கள்.

இதற்காகும் செலவு ஓர் ஆண்டுவிழாவின் மேடை அலங்காரத்தைத் தாண்டுமா என்று உங்கள் கணக்கேட்டைப் புரட்டிப் பாருங்கள். அலங்காரம் மறுநாள் குப்பைக்குப் போகிறது. மாற்றுக் கருத்துடையோர் தக்க காரணங்களோடு மறுத்தெழுதுக. “கைப்பேசியே போதும்” என்ற ஒற்றை வரி மறுப்பாகாது.