பெருவிரல் கேட்ட பேரரசு



தேவாரத்தில் நின்று மேற்கே நோக்குங்கள். விடியுமுன் ஏலத்தோட்டக் கூலிக்கு மலையேறுகின்றனர் மக்கள். “என்ன குலம்? சீட்டு எங்கே?” என்று கேட்டு மறிக்கும் சட்டம் இன்று இல்லை. அப்படியொரு சட்டம் இருந்த காலமும் உண்டு!

ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட ‘1984’ நாவலைப் படித்து நம் இளைஞர் நடுங்குகின்றனர். சுவர்தோறும் கண், எண்ணினாலே குற்றம்! கற்பனைதானே என்று ஏட்டை மூடிவிடுகின்றனர். கற்பனையா? மோதிஹாரியில் பிறந்த ஆர்வெல், 1922 முதல் 1927 வரை பர்மாவில் வெள்ளையராட்சியின் போலீஸ் அதிகாரி. ஆட்சியின் கண் எப்படிப் பார்க்கும் என்பதை, அந்தக் கண்ணாகவே இருந்து அறிந்தவர்!

அவருக்கு முன்னோடி, ருஷ்யரான சம்யாத்தின். அவருடைய ‘நாங்கள்’ நாவலில் மாந்தருக்குப் பெயரில்லை, எண்தான். வீட்டுச் சுவர்களோ கண்ணாடி! எழுதிய காலம் 1920-21.

அதே 1920. ஏப்ரல் 3. உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூர். நம் கம்பம் பள்ளத்தாக்கிலும் வாழும் பிரமலைக் கள்ளர் மீது பாய்ந்திருந்தது, 1911-இன் குற்றப்பரம்பரைச் சட்டம். திருடியவனைத் தண்டிக்கும் சட்டமன்று அது. பிறந்தவனைத் தண்டிக்கும் சட்டம்! பெருவிரல் ரேகையைப் பதிந்து கொடு, இரவில் காவலர் கண்ணெதிரே படு, வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்கு. ‘இக்குலம் குற்றக்குலம்’ என்ற அறிவிப்பு சரியா என்று கேட்க நீதிமன்றத்துக்கும் உரிமையில்லை. ஆர்வெல்லின் கதையில்கூட, குழந்தை கருவிலேயே குற்றவாளி ஆவதில்லை!

ரேகை தரமாட்டோம் என்றது அவ்வூர். சுட்டது போலீஸ். மாயக்காள் என்ற பெண்ணுடன் 16 பேர் மாண்டனர். மக்களுக்காக வாதாட வந்த வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை ‘ரோசாப்பூ துரை’ என்று இன்றும் நெஞ்சில் வைத்திருக்கின்றனர். ஆட்சி பள்ளிகளும் திறந்தது, மறுக்கவில்லை. ‘கள்ளர் சீரமைப்பு’ என்று அவற்றுக்குப் பெயரிட்டது. சீரழித்த கையே சீரமைப்பு என்று எழுதியது!

நாவல்களின் நாயகன் தனியன். தன்னந்தனியே எதிர்த்து, இறுதியில் மண்டியிடுகிறான். இங்கு எதிர்த்தது ஓர் ஊர். பின்னர் பல கட்சியினரும் போராட, 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது; 1952-இல் இந்தியா முழுவதும்.

ஒழிந்ததா? மறு ஆண்டே, 1948-இல், ‘வழக்கமான குற்றவாளிகள்’ சட்டம் முளைத்தது. சிறை விதிகளில் ஒளிந்திருந்த அந்தப் பழைய நஞ்சை உச்சநீதிமன்றம் சுட்டிக்காட்டியது 2024 அக்டோபரில்!

அன்று சிறுவராயிருந்தோர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். தேவாரத்திலும் போடியிலும் அவர்கள் வீட்டுத் திண்ணைக்குச் செல்லுங்கள். ஏடும் எழுதுகோலும் எடுத்துச் செல்லுங்கள்.