சீட்டாட்டப் போட்டியில் ஜெயிப்பது யார்? பதுங்கிப் பாயும் ஆட்டம் சம்பளக்காரருக்குக் கைகொடுக்குமா?

தாதர்:

மேற்கு ரயில்வேயும் மத்திய ரயில்வேயும் சந்திக்கும் தாதர் நிலையத்தில் மாலை நேரத்தில் வண்டிக்குக் காத்திருப்பவர்களில் செல்போனைப் பார்க்காதவர் அரிது. அந்தச் செல்போனில் பணம் கட்டி ரம்மியும் போக்கரும் ஆடி வந்தவர்களுக்கு, மத்திய அரசு 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கொண்டுவந்த தடைச் சட்டம் ஒரு பெரிய திருப்பம்.

"இது அதிருஷ்டம் அல்ல, திறமை. திறமைசாலியைத் தடுப்பது என்ன நியாயம்?" என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். "திறமை என்றால், போன பணம் ஏன் திரும்பி வரவில்லை?" என்கிறார்கள் மறு சாரார். இரண்டு கேள்விகளுமே நியாயமானவை. இவற்றுக்கு விடை காண வேண்டுமானால், போட்டிகளில் எப்படி ஆடுகிறவர்கள் ஜெயிக்கிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மட்கா வேறு, போக்கர் வேறு

தாதர், பரேல் வட்டாரத்து மில் தொழிலாளர்கள் ஒரு காலத்தில் நன்கு அறிந்த சூதாட்டம் மட்கா. 1960-களில் கல்யாண்ஜி பகத், ரத்தன் கத்ரி ஆகியோர் நடத்திய அந்த ஆட்டத்தில் எண் விழுந்தால் பணம், விழாவிட்டால் இல்லை. கட்டுகிறவர் கெட்டிக்காரரா, ஏமாளியா என்பது அங்கே ஒரு பொருட்டே அல்ல.

போக்கர் அப்படிப்பட்டது அல்ல. ஆடுகிறவர் ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், எதிரியின் பந்தயத்துக்கு ஈடு கட்டலாம். பிடிக்காவிட்டால் சீட்டைக் கவிழ்த்து ஒதுங்கலாம். போட்டி ஆட்டத்தில் அனைவருக்கும் ஒரே அளவு வில்லைகள் தரப்படும். அவை தீர்ந்தால் வெளியேற வேண்டியதுதான். நேரம் ஆக ஆக, கட்டாயமாகப் போட வேண்டிய பந்தயம் உயர்ந்துகொண்டே போகும். ஆகவே எவரும் சும்மா உட்கார்ந்து காலம் தள்ள முடியாது.

நான்கு விதமான ஆட்டக்காரர்கள்

ஆட்டக்காரர்களைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். நல்ல சீட்டு வந்தால் மட்டும் இறங்கி, அப்போதும் தயங்கித் தயங்கிக் கட்டுகிறவர் முதல் வகை. எந்தச் சீட்டு வந்தாலும் ஆசை விடாமல் ஈடு கட்டிக்கொண்டே போகிறவர் இரண்டாம் வகை. குறைவான சீட்டுகளையே தேர்ந்தெடுத்து, இறங்கிய பிறகு துணிந்து ஏற்றுகிறவர் மூன்றாம் வகை. எதற்கும் பாய்கிறவர் நான்காம் வகை.

இவர்களில் நெடுங்காலம் நிலைத்து நிற்பவர்கள் பெரும்பாலும் மூன்றாம் வகையினரே. காரணம் எளிது. ஈடு மட்டும் கட்டுகிறவருக்கு ஜெயிக்க ஒரே வழி. கடைசியில் அவர் சீட்டு உயர்ந்ததாக இருக்க வேண்டும். ஏற்றிக் கட்டுகிறவருக்கோ இரண்டு வழி. சீட்டு உயர்ந்திருந்தாலும் ஜெயிக்கலாம். எதிரி பயந்து கவிழ்த்தாலும் ஜெயிக்கலாம்.

ஒரே பாணியைக் கடைசி வரை பிடித்துக்கொண்டிருப்பவரும் தேறுவதில்லை. ஆரம்பத்தில் வில்லைகள் தாராளமாக இருக்கும்போது பொறுமை வேண்டும். கட்டாயப் பந்தயம் உயர்ந்ததும், மற்றவர்கள் கவிழ்க்கும் நேரம் பார்த்துப் பாய வேண்டும். இன்னும் நாலைந்து பேர் வெளியேறினால் மீதி அனைவருக்கும் பரிசு என்ற கட்டம் வரும்போது பலர் பயந்து ஒடுங்குவார்கள். அதிக வில்லை வைத்திருப்பவர் சாமர்த்தியம் காட்டுவது அப்போதுதான். கையிருப்பு மிகவும் குறைந்துவிட்டாலோ, சிறுகச் சிறுகக் கட்டிக் கரைவதைவிட, நல்ல தருணத்தில் மொத்தத்தையும் வைத்துவிடுவதே மேல் என்பது கணக்கு.

கம்ப்யூட்டர் புகுந்த பிறகு

அமெரிக்காவைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், 100 டாலருக்கும் குறைவாகக் கட்டிய இன்டர்நெட் தகுதி ஆட்டத்தின் மூலம் 2003-ம் ஆண்டு உலகப் போட்டிக்குள் நுழைந்தார். 839 பேர் ஆடிய அந்தப் போட்டியில் முதலிடம் பெற்று 25 லட்சம் டாலர் வென்றார். அதைப் பார்த்த உலகமெங்கும் உள்ள குமாஸ்தாக்களுக்கு, "நமக்கும் ஏன் முடியாது?" என்று தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் அந்தக் காலம் மாறிவிட்டது. 2019-ம் ஆண்டு 'புளூரிபஸ்' என்ற கம்ப்யூட்டர் புரோகிராம், ஆறு பேர் ஆடும் போக்கரில் தேர்ந்த ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தது. இன்றைய முன்னணி ஆட்டக்காரர்கள் இத்தகைய கம்ப்யூட்டர் கணக்குகளை மணிக்கணக்கில் படித்துவிட்டே மேசைக்கு வருகிறார்கள். எந்தச் சீட்டுக்கு எத்தனை தடவை ஏற்றுவது, எத்தனை தடவை பாவ்லா காட்டுவது என்பதைக்கூட விகிதம் போட்டு வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்து, கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே செல்போனில் ஆடுகிறவர் தம்மை அறியாமல் மோதுவது இத்தகையவர்களோடும் இருக்கலாம்.

சம்பளக்காரர் கணக்கு

இவ்வளவு திறமை இருந்தும், ஒரு தனிப் போட்டியில் அதிருஷ்டத்தின் பங்கு பெரிது. ஏஸ் ஜோடி வைத்திருப்பவர், ராஜா ஜோடி வைத்திருப்பவரோடு மோதினால் 100-க்குச் சுமார் 80 தடவை ஜெயிப்பார். இதைவிட நல்ல நிலைமை அபூர்வம். ஆனால் இப்படி ஐந்து மோதல்களைத் தொடர்ந்து கடக்க வேண்டும் என்றால்? 100 பேரில் முதல் மோதலில் 80 பேர் தப்புவார்கள். அடுத்தது 64, பிறகு 51, பிறகு 41. ஐந்தாவதைக் கடப்பவர்கள் 33 பேர்தான். ஒரு தவறும் செய்யாமலேயே மூன்றில் இரண்டு பங்கு பேர் வெளியே போகிறார்கள்.

2024-ம் ஆண்டு உலகப் போட்டியின் பிரதான ஆட்டத்தில் 10,112 பேர் கலந்துகொண்டனர். பரிசு பெற்றவர்கள் 1,517 பேர். நூற்றுக்கு 85 பேர் நுழைவுக் கட்டணமான 10,000 டாலரை இழந்து திரும்பினர்.

எனவேதான், தொழிலாக ஆடுகிறவர்கள் குறைந்தது நூறு போட்டிகளுக்கான கட்டணத்தைத் தனி முதலாக ஒதுக்கி வைக்கிறார்கள். பலர் தங்கள் ஆட்டத்தில் பிறருக்குப் பங்கு விற்று நஷ்டத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். 1,000 ரூபாய்ப் போட்டி ஆடுகிறவருக்கு, இழந்தாலும் வீடு அசையாத ஒரு லட்சம் ரூபாய் வேண்டும். தாராவியில் வாடகை கொடுத்து, ஊருக்கு மணியார்டரோ 'ஜிபே'யோ அனுப்பும் எத்தனை பேரிடம் அது இருக்கிறது?

இதற்கு மேல், ஆட்டம் நடத்துகிறவர் எடுக்கும் கமிஷன். தடைக்கு முன்பு, 2023 அக்டோபர் முதல் கட்டிய முழுப் பணத்துக்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி.; ஜெயித்த நிகரத் தொகையில் 30 சதவீத வருமான வரிப் பிடித்தம். ஜெயித்தவர் கையிலும் முழுப் பணம் நிற்கவில்லை.

கோர்ட்டும் சட்டமும்

ரம்மி பெரும்பாலும் திறமையின்பாற்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1967-ம் ஆண்டிலேயே கூறியது. ஆனால் போக்கர் விஷயத்தில் ஒருமித்த கருத்து இல்லை. மராட்டியத்தில் இன்றும் உள்ள 1887-ம் ஆண்டு பம்பாய் சூதாட்டத் தடுப்புச் சட்டமே குஜராத்திலும் உண்டு. அதன்கீழ் போக்கர் சூதாட்டமே என்று குஜராத் உயர் நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றமோ, 2023 நவம்பரில் தமிழக அரசின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டபோதிலும், ரம்மியையும் போக்கரையும் அதிருஷ்ட ஆட்டங்களின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

2025 ஆகஸ்டு 22-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற மத்திய சட்டம் இந்த விவாதத்துக்குள்ளேயே போகவில்லை. திறமையோ, அதிருஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் அனைத்துக்கும் தடை. நடத்துகிறவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. பெரிய கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்தின. எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்குகள் அதே ஆண்டில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

தடை வந்ததும், வெளிநாட்டிலிருந்து திருட்டுத்தனமாக நடத்தப்படும் ஆட்டங்களுக்கு இழுக்கும் விளம்பரங்களுக்குக் குறைவில்லை. அங்கே கட்டிய பணம் சிக்கிக்கொண்டால் மீட்பது மிகக் கடினம் என்பதை மறந்துவிடக் கூடாது.

போக்கரில் திறமை உண்டு என்பது உண்மை. ஆனால் ஜெயிக்கும் பாணியின் உயிர்நாடி, பயமின்றி ஏற்றுவதும் பயமின்றிக் கவிழ்ப்பதும்தான். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை வைத்து ஆடுகிறவருக்கு அந்தத் தைரியம் வராது. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், தேவை அவரை முதல் வகைக்கோ இரண்டாம் வகைக்கோ தள்ளிவிடும். விட்டதைப் பிடிக்க நினைக்கும்போது நான்காம் வகைக்குப் போய்விடுவார். தோற்பவர் பட்டியலில் இருப்பவை இந்த மூன்றுமே. திறமையா அதிருஷ்டமா என்பதைக் கோர்ட்டு முடிவு செய்யட்டும். யாருடைய பணம் என்பதை ஆடுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.