"டொலர் வருதுதானே" என்று கேட்பவர்களுக்கு

ஊரவர்கள் கோபித்தாலும் பரவாயில்லை, சொல்லியே ஆகவேண்டும்.

எங்களிடம் படித்த பையன் ஒருவர் வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸ் டிசைன் வேலை செய்கிறார். ஒரு மாதம் கை நிறைய வரும், மறு மாதம் ஒன்றும் இராது. முதல் பிள்ளை கிடைக்கப் போகிறதென்று நாலைந்து மாதச் செலவுக்குக் காசு ஒதுக்கி வைத்திருந்தார். அதைக் கரைத்தது நாம்தான். "முதல் பிள்ளை, பிரைவேட்டில் காட்டாமலா?" "நாற்பதுக்குச் சாப்பாடு இல்லையா?" கேட்டுக் கேட்டே கரைத்தோம்.

அரச ஆசிரியைகளுக்குப் பிரசவத்துக்கு 84 வேலை நாட்கள் முழுச் சம்பளத்தோடு லீவு. கம்பனியில் வேலை செய்பவருக்கு ஈபிஎஃப்பில் முதலாளி 12 வீதம் போடுகிறார். இந்தப் பையனுக்கு யார் போடுவது? பிள்ளை இராமுழுக்க அழுதால் மறுநாள் வேலை ஓடாது, காசும் வராது. ஒதுக்கி வைத்த அந்தக் காசுதான் அவருடைய லீவு.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவம் இலவசம். கிளினிக், தடுப்பூசி, திரிபோஷா (வந்தால்) எல்லாம் இலவசம். நம்மில் அநேகர் பிறந்ததும் அங்கேதான். அகீகா வசதியுள்ளவருக்கு ஸுன்னத். கடன்பட்டு நாற்பதுக்கு ஹோல் எடுக்கச் சொல்லி எந்தக் கிதாபில் இருக்கிறது?

அடுத்த மாதம் இன்னொரு பழைய மாணவர் வீட்டில் பிள்ளை கிடைக்க இருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் கேக்கை விட்டுவிட்டு பேம்பர்ஸ் வாங்கிப் போங்கள். "சாப்பாடு எப்ப?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.