படத்திற்கு முன் எழுத்து: பெயர்சூட்டு விழா அழைப்பிதழ் குறித்துச் சில கருத்துகள்

நம் தீவில் பெயர்சூட்டு விழா நடத்தும் குடும்பங்கள் அழைப்பிதழைத் தெரிவு செய்யும்போது முதலில் படத்தைப் பார்க்கின்றன, அடுத்து நிறத்தை, எல்லாவற்றுக்கும் பிறகே எழுத்தை. இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அண்மையில் நண்பர்கள் இருவர் தனித்தனியே சில மாதிரிகளை அனுப்பி, "இவற்றுள் எது நன்றாக இருக்கிறது?" என்று கேட்டனர். ஒவ்வொருவருக்கும் தனியே விடை எழுதுவதைவிடப் பொதுவில் எழுதினால் விவாதத்திற்கும் இடம் கிடைக்கும் என்பதால் இப்பதிவு.

அவர்கள் அனுப்பிய மாதிரிகள் அனைத்தும் ஒரே அச்சில் வார்த்தவை. தொட்டிலில் கண்ணன், வெண்ணெய்க் குடம், மயிற்பீலி, மூலையில் ஒரு பிள்ளையார். தலைப்பில் "நாமகரண்" என்று தேவநாகரி எழுத்து அல்லது அதன் ஆங்கில வடிவம். ஆண் குழந்தைக்கு நீலம், பெண் குழந்தைக்கு இளஞ்சிவப்பு. இவற்றில் அழகுக் குறைவு ஏதுமில்லை. ஆனால் இவை எந்த ஊருக்கும் உரியவையல்ல. யார் பெயரையும் இட்டு நிரப்பிக்கொள்ளக் கூடிய வெற்றுப் படிவங்கள். நாம் வாழும் இடமோ அப்படிப்பட்ட வெற்றிடமன்று.

2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. வங்காளத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர், இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13. நிக்கோபாரியும் மலையாளமும் ஏழெட்டு விழுக்காட்டில் நிற்கின்றன. இந்தப் பதினைந்து விழுக்காட்டுத் தமிழரும் ஒரே வழியில் வந்தவர்கள் அல்லர். தமிழகத்திலிருந்து தொழிலுக்காக வந்தோர், பர்மாவிலிருந்து பெயர்ந்தோர், 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்து கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டோர் எனப் பல வழிகள். வீட்டுக்கு வெளியே இவர்கள் அனைவருக்கும் பொதுமொழி இந்தி. மூன்றாம் தலைமுறையினரில் பலர் தமிழைப் பேசுவர், வாசிக்க மாட்டார்கள். ஆகவே, தனித் தமிழ் அழைப்பிதழ் பக்கத்து வீட்டு வங்காளக் குடும்பத்தை மட்டுமன்று, நம் பிள்ளைகளுள் சிலரையும் வெளியே நிறுத்திவிடும். தமிழே இல்லாத அழைப்பிதழோ வேறொன்றை இழக்கச் செய்கிறது. அந்த இழப்பே இப்பதிவின் மையம்.

இவ்வொன்றியப் பகுதியின் அலுவல்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடக்கின்றன. குழந்தையின் பெயர் ஏறப்போகும் பிறப்புச் சான்று, பள்ளிப் பதிவேடு, ஆதார் ஆகிய ஆவணங்கள் அவ்விரு எழுத்துகளிலேயே அதனைத் தாங்கும். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969 பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்யச் சொல்கிறது. பெயரின்றிப் பதிவான குழந்தைக்கு 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம். அச்சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தம் நடைமுறைக்கு வந்த அக்டோபர் 1 முதல், பள்ளிச் சேர்க்கை தொடங்கிப் பல தேவைகளுக்குப் பிறப்புச் சான்றே பிறந்த நாளுக்கான ஆவணமாகிறது. எழுத்துப் பிழையுடன் ஏறிய பெயர் இனி முன்னைக் காட்டிலும் நெடுந்தொலைவு பின்தொடரும். இத்தனை தாள்களுக்கு நடுவே ஒரு தீவுத் தமிழ்க் குழந்தையின் பெயர் தமிழெழுத்தில் அச்சாகும் முதல் தாள், பெரும்பாலும் ஒரே தாள், இந்த அழைப்பிதழ்தான்.

இங்கே ஓர் எளிய மொழியியல் உண்மையை நினைவூட்ட வேண்டும். சொல்லினாலேயே செயலை நிகழ்த்துவது பற்றிப் பேசிய ஜே. எல். ஆஸ்டின் தந்த புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, கப்பலுக்குப் பெயரிடுதல். நம் சடங்கும் அத்தகையதே. குழந்தையின் காதில் மும்முறை ஓதும்போது பெயர் பிறக்கிறது. தாளில் இருப்பது அந்த ஒலியின் பதிவு. அப்படியானால் ஒவ்வோர் எழுத்துமுறையும் அந்த ஒலியை நேரடியாகப் பதிய வேண்டும். நடைமுறையில் நடப்பது வேறு. தமிழ்ப் பெயரை முதலில் ஆங்கில எழுத்தில் எழுதுகிறோம். அந்த ஆங்கிலத்தைப் பார்த்து வேறொருவர் இந்தியில் எழுதுகிறார். "கனிமொழி" என்ற பெயர் இந்தி நாளேடுகளில் "கனிமோஜி" என்பதை ஒத்த ஒலியுடன் அச்சாவது இதன் விளைவு. ழகரத்திற்கு ஆங்கிலத்தில் நாம் இடும் ஈரெழுத்து, இந்தி வாசகருக்கு ழகரத்தோடு தொடர்பே இல்லாத ஓர் ஒலியைச் சுட்டுகிறது. ழகரத்தைக் குறிக்கத் தேவநாகரியில் புள்ளியிட்ட ஓரெழுத்து உண்டு, அதை அறிந்தோர் அரியர். குறைந்தது லகரத்தையாவது இட்டால் செவிக்கு நெருக்கமாக இருக்கும். யாழினி, எழில், மகிழன் என்று பெயர் தேர்ந்தோர் இந்தி வடிவத்தை வடிவமைப்பாளரின் ஊகத்திற்கு விடாமல், பெயரை வாயால் சொல்லிக் காட்டி எழுதச் செய்ய வேண்டும். எண்கணிதத்திற்காக ஆங்கிலத்தில் ஓரெழுத்தைக் கூட்டுவோருக்கு இந்த எச்சரிக்கை இருமடங்கு பொருந்தும்.

நட்சத்திர முதலெழுத்துக்கும் இதே கண்ணோட்டம் தேவை. மூலத்தின் பிற்பாதங்களுக்குரிய எழுத்தும் உத்திரத்தின் பிற்பாதங்களுக்குரிய எழுத்தும் தமிழில் எழுதினால் பகரமே. வடமொழியில் அவை வேறு வேறு: ஒன்று "பாரதி"யின் முதலொலி, மற்றது "பார்வதி"யின் முதலொலி. ஆயில்யத்திற்கு டி, டு, டே, டோ என்கிறது பட்டியல். டகரமோ தமிழில் மொழிக்கு முதலாகாது. ஓர் எழுத்துமுறைக்காக அமைந்த பட்டியலை மற்றோர் எழுத்துமுறையில் வாசிக்கிறோம் என்ற தெளிவு இருந்தால், "எழுத்து அமையவில்லை" என்று வருந்தும் பெற்றோருக்குச் சற்று ஆறுதல் கிடைக்கும். முதலெழுத்தை அட்டை நடுவே பெரிதாகப் பொறிக்கும் மாதிரிகளைத் தேர்வோர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

இனி அச்சுக்கு வருவோம். வடிவமைப்பு மென்பொருள் தமிழை முறையாகக் கோக்கிறதா என்று சோதிக்க வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. "பெயர்", "தொட்டில்" என்னும் இரு சொற்களே போதும். யூனிகோடில் ஒற்றைக்கொம்பு மெய்யெழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்பட்டு, திரையில் முன்னால் காட்டப்படுகிறது. அத்திறன் இல்லாத மென்பொருளில் கொம்பு பகரத்தைத் தாண்டிப் போய் விழும். பழைய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டிய உரையை யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றினால் வேறு வகைக் குலைவு நேரும். தமிழறியாத வடிவமைப்பாளருக்கு இவை பிழையாகத் தெரியா. எனவே படத்தைப் பார்த்து "சரி" என்று சொல்வதற்கு முன், தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் எழுத்தெழுத்தாக வாசித்தே தீர வேண்டும்.

முகூர்த்த நேரமும் படிவத்தோடு வந்துவிடும் பொருள்தான். சென்னையின் நெடுங்கோடு ஏறத்தாழ 80.3 பாகை, இந்நகரினது 92.7. வேறுபாடு 12.4 பாகை, பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் சுமார் 50 நிமிடம். கடிகாரம் இரண்டிடத்திலும் ஒன்று, கதிரவன் ஒன்றல்லன். மே மாதத்தில் ஐந்து மணியளவிலேயே இங்கு விடிந்துவிடுகிறது. திதியும் நட்சத்திரமும் முடியும் நேரம் மாறாது. ஆனால் சூரிய உதயத்தைச் சார்ந்த இராகுகாலமும் அடிவானத்தைச் சார்ந்த லக்கினமும் மாறும். ஆறு மணி உதயத்தை வைத்து அச்சிட்ட திங்கட்கிழமை "7.30 முதல் 9 வரை" என்ற இராகுகாலம் இங்கு உண்மையில் பொருந்தாது. சோதிடத்தை நம்புவோரோடு நான் வழக்காடவில்லை. நம்புகிறவர், தம் நம்பிக்கையின் கணக்குப்படியே, தமிழகத்து ஊருக்குக் கணித்த நேரத்தை இங்கு அச்சிடலாகாது என்பதே என் வாதம்.

நிறங்களுக்கு வருவோம். நீலம், இளஞ்சிவப்பு என்ற பிரிவினை நம் மரபுமன்று, பழைமையானதுமன்று; சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வணிக இதழ்களில் இதற்கு நேர்மாறான பரிந்துரையும் வந்ததுண்டு. இத்தீவுகளின் தொல்குடியினரான பேரந்தமானியர், குழந்தை கருவில் இருக்கும்போதே பெயரிட்டனர். ஆணா பெண்ணா என்று அறியாமல் இட்டமையால் பெயர்கள் இருபாலுக்கும் பொதுவாயின. பெண் பூப்படைந்தபோது அப்பருவத்தில் மலர்ந்திருந்த பூவின் பெயர் அவளுக்குக் கூடுதலாக வாய்த்தது. ஈ. எச். மேனும் ராட்கிளிஃப்-பிரௌனும் இதனைப் பதிவு செய்துள்ளனர். அந்த மொழிக் குடும்பத்துள் ஒன்றான போ மொழியின் கடைசிப் பேச்சாளர் 2010 சனவரியில் மறைந்தார். ஒரு மொழி மறையும்போது அதன் பெயரிடும் முறையும் உடன் மறைகிறது என்பதை இத்தீவில் இருந்துகொண்டு நாம் மறத்தல் கூடாது. இதைச் சொல்வதால், "தீவு அடையாளம்" வேண்டுமென்று தொல்குடியினர் உருவத்தை அழைப்பிதழில் அணியாக்கலாம் என்று பொருளன்று. அவர்கள் எவருக்கும் அலங்காரமல்லர்.

முகவரியில் ஊர்ப்பெயரும் உண்டல்லவா? 2024 செப்டம்பரில் போர்ட் பிளேயர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. ஸ்ரீவிஜயத்தின் மீது படையெடுத்த இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரத்தைச் சொல்கிறது. இன்று நகரம் தாங்குவது அச்சோழன் எதிர்த்த அரசின் பெயரை. அதன் அரசியலை வேறொரு பதிவில் பேசலாம். அழைப்பிதழின் வேலை விருந்தினரை மண்டபத்தில் கொண்டு சேர்ப்பது. ஆகவே இரு பெயர்களையும் இடுங்கள்.

"இரண்டு நாள் வாட்சப்பில் சுற்றிவிட்டு மறையும் படத்திற்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்ற வினா எழும். நியாயமானதே. மறைந்துவிடும் என்பதனாலேயே நான் கவலைப்படுகிறேன். கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் திரட்டி வைத்ததனால்தான், சென்ற தலைமுறைகளின் அன்றாடத் தமிழை இன்று நம்மால் ஆராய முடிகிறது. தொலைபேசியோடு அழியும் படத்திற்கு அந்த வாய்ப்பில்லை. "இது மொழிப்பற்றைத் திணிப்பதாகாதா?" என்பது இன்னொரு வினா. தமிழை மேலே வையுங்கள், பிற மொழிகளை நீக்காதீர்கள் என்றே சொல்கிறேன். வங்காளக் குடும்பம் தன் எழுத்தைத் தலைப்பில் வைத்து எனக்கு இந்தியில் நேரத்தையும் இடத்தையும் தெரிவித்தால் நான் மகிழ்ந்து செல்வேன்.

எனவே நண்பர்களுக்கு என் விடை இது. குழந்தையின் பெயரும் விழாவின் பெயரும் தமிழில் பெரிதாக. நாள், நேரம், இடம் மூன்று மொழிகளிலும் தெளிவாக. பெயரைக் காதில் ஓதும்வரை வெளியிடாத வழக்கமுள்ள வீட்டார், விழாவுக்குப் பின் அனுப்பும் பெயரட்டையில் இதே முறையைக் கொள்ளலாம். தமிழ், இந்தி, ஆங்கிலம் என்ற மூன்று வடிவங்களையும் முதலில் ஒரு தாளில் எழுதி வீட்டார் அனைவரும் ஒப்புக்கொண்ட பிறகு, அதே வடிவங்களைப் பதிவு அலுவலகத்திலும் கொடுங்கள். கண்ணனோ மயிற்பீலியோ வெறும் கோலமோ, எஞ்சிய இடத்தில் உங்கள் விருப்பப்படி அமையட்டும். ஒரு படியையாவது தாளில் அச்சிட்டுப் பிறப்புச் சான்றோடு சேர்த்து வையுங்கள்.

உங்கள் வீட்டில் பழைய பெயர்சூட்டு அழைப்பிதழ்கள் இருந்தால், அவற்றில் எந்த மொழி மேலே இருந்தது, பெயர் எத்தனை எழுத்துமுறைகளில் இருந்தது என்பதைக் கீழே எழுதுங்கள். குழந்தையின் பெயரை மறைத்துவிட்டே பகிருங்கள்.