விஷ அரிசியும் வரிநெல்லும்

போன சனிக்கிழமை இங்கே ஹூஸ்டனில் ஒரு நண்பர் வீட்டு விருந்து. இலை போடுவதற்கு முன்னாலேயே வாட்ஸப் பிரசங்கம் தொடங்கிவிட்டது. ஐ.ஆர். அரிசி எல்லாம் வெள்ளைக்காரன் தலையில் கட்டின விஷமாம், மாப்பிள்ளைச் சம்பாதான் சுத்தமாம். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் குமுளிக்காரன். லோயர் கேம்ப்புக்கு மலையிறங்கி, கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களைப் பார்த்தே வளர்ந்தவன். என்னால் தலையாட்ட முடியவில்லை மக்களே!

1970-களில் ஆசியா முழுக்கப் புகையான் பூச்சி நெல்லைச் சூறையாடியது. கூடவே பயிரைப் புல் மாதிரி குட்டையாக்கும் ஒரு வைரஸையும் பரப்பியது. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். அந்த வைரஸைத் தாங்கியது ஒன்றே ஒன்று. அதுவும் பயிர் நெல் இல்லை. உத்தரப்பிரதேசத்தில் சேகரித்த 'ஒரைசா நிவாரா' என்ற காட்டு நெல். (வடமொழியில் நீவாரம் என்றாலே காட்டு நெல்தான்.) அதன் குணத்தைச் சேர்த்து, பஞ்சாபில் பிறந்த குர்தேவ் குஷ் உருவாக்கிய ஐ.ஆர்.36 ரகம் 1976-ல் வந்தது. வெள்ளைக்காரன் விஷமாம்!

மாப்பிள்ளைச் சம்பா மேல் எனக்குக் கோபமில்லை, நானும் வாங்குகிறேன். ஆனால் பாரம்பரியம் என்பது கடையில் பாக்கெட்டோடு முடிகிற விஷயமா? அந்தச் சம்பாவுக்கு ஒரு பெரிய சொந்தபந்தமே இருக்கிறது. பாலக்காட்டு மலம்புழா பேரிலேயே 'ஒரைசா மலம்புழாயென்சிஸ்' என்று ஒரு காட்டு நெல் உண்டு. நம் நெல்லுக்கு 24 குரோமோசோம், அதற்கு 48. அதற்காக எந்தச் சங்கத்தில் விழா எடுத்தோம்?

களை நெல்லையும் கொஞ்சச் சொல்கிறேனா என்று கேட்காதீர்கள். கேரளத்தில் வரிநெல்லு என்பார்கள். காட்டு நெல்லும் பயிர் நெல்லும் கலந்து பிறக்கும் பிள்ளை என்று வையுங்கள். இளசில் பயிரிலிருந்து பிரித்தறிய முடியாது. அறுப்புக்கு முன்னாலேயே மணியைக் கொட்டிவிடும். கொட்டியது மண்ணில் காத்திருந்து அடுத்த போகத்தில் முளைக்கும். பாலக்காட்டு விவசாயி அதைப் பிடுங்கியே ஓய்ந்து போகிறார். அவர் பிடுங்கத்தான் வேண்டும். நான் கேட்பது வயலுக்கு வெளியே, குளக்கரையிலும் ஓடையோரத்திலும் யாருக்கும் தொந்தரவில்லாமல் நிற்கிற காட்டு நெல்லைப் பற்றி. விதை வங்கியில் இருக்கிறதே என்பார்கள். ஃப்ரீசரில் தூங்கும் விதை புதுப் பூச்சியோடு மல்லுக்கட்டப் பழகுமா?

விருந்து முடிந்து வந்து கம்பத்தில் இருக்கும் சித்தப்பாவுக்கு போன் போட்டேன். "சின்ன வயசுல கண்மாய் ஓரமா, மூக்குல நீட்டமா முள்ளு வச்சு ஒரு நெல்லு நிக்குமே சித்தப்பா, இப்ப இருக்கா?"

"கண்மாயே எங்கடா இருக்கு? பிளாட் போட்டு கல்லு ஊன்டி நாலு வருசமாச்சு. உனக்கு ஒண்ணு வேணும்னா சொல்லு, விசாரிக்கிறேன்."