ஆய்வுக்குப் போடும் பணம் வீணா? பால்மரத்தைக் கேளுங்கள்

வரவு செலவுத் திட்டம் தாக்கலாகும் போதெல்லாம், "ஆராய்ச்சிக்கு எதற்கு இத்தனை மில்லியன் வெள்ளி? மக்கள் கையில் கொடுக்கலாமே" என்ற பேச்சு எழுகிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இதற்குப் பதிலை வெகுதூரம் தேட வேண்டாம். நம் தாத்தா பாட்டி சீவிய பால்மரமே போதும்.

மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் 1925இல் சட்டத்தின் வழி அமைக்கப்பட்டது. ஏற்றுமதி ரப்பருக்கு விதிக்கப்பட்ட தீர்வைதான் அதன் செலவுக்குப் பணம். ஆக, நம்மவர்கள் மங்கில் சேர்த்த பாலிலிருந்தும் ஆய்வுக்கு ஒரு பங்கு போனது. விதையில் முளைத்த பழைய மரங்கள் ஓர் ஆண்டில் ஹெக்டருக்கு ஏறக்குறைய 500 கிலோ கொடுத்தன. அக்கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒட்டுரக மரங்கள் அதைப்போல் சுமார் மூன்று மடங்கு கொடுத்தன. செயற்கை ரப்பர் போட்டிக்கு வந்தபோது, கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கும் முறைக்கு மாற்றாக, சோதனைக்கூடத்தில் தரம் உறுதிசெய்யும் மலேசிய ரப்பர் தர முறை 1965இல் வந்தது. அந்நியச் சந்தையில் நம் ரப்பர் நிலைத்து நிற்க அதுவும் உதவியது.

செம்பனையின் கதையும் இதுதான். ஒரு காலத்தில் தொழிலாளர்கள் பூக்களுக்குக் கையால் மகரந்தம் தூவினார்கள். யூனிலீவர் நிறுவனத்திற்காக ஆய்வு செய்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத், கேமரூனில் அந்த வேலையைச் செய்யும் சிறு வண்டைக் கண்டறிந்தார். அரசாங்கத்தின் அனுமதியோடு 1981இல் அது இங்கே விடப்பட்டது. கைவேலை நின்றது; காய்ப்பு கூடியது. தனியாரும் அரசும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சான்று.

ஆனால் இன்னொரு கேள்வியும் உண்டு. அந்தப் பலன் யாருக்குப் போனது? விளைச்சல் கூடிய வேகத்தில் லயத்து வாழ்க்கை உயரவில்லை. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது, பலர் சொந்த வீடின்றியே வெளியேறினர். ஆய்வு நாட்டை வளர்க்கும். கல்வி இருந்தால்தான் அந்த வளர்ச்சியில் நமக்கும் பங்கு கிடைக்கும்.

இன்றைய நிலை என்ன? 2020இல் நம் நாடு ஆய்வுக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. தென் கொரியா நான்கு விழுக்காட்டுக்கும் மேல் செலவிடுகிறது. 2030க்குள் 3.5 விழுக்காடு என்ற இலக்கை நம் அரசு அறிவித்திருந்தது. நூற்றுக்கு 60 மாணவர் அறிவியல் படிக்க வேண்டும் என்ற பழைய கொள்கையும் இன்னும் எட்டப்படவில்லை.

பணத்தை ஒதுக்குவது அரசின் கடமை. அந்த ஆய்வுக்கூடங்களில் வேலை செய்யப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்துவதில் நமக்கும் பொறுப்பு உண்டு. படிவம் 4இல் பாடம் தேர்ந்தெடுக்கும்போது, "அறிவியல் கஷ்டம், வேண்டாம்" என்று பெற்றோரே தடுத்துவிடக் கூடாது. தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கூடம் முறையாக இயங்குகிறதா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். ஆய்வுக்குத் தீர்வை கட்டிய ரப்பரைச் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள், ஆய்வாளராக அங்கே நுழைய முழு உரிமை உள்ளவர்கள்.